சத்தத்துக்கு அஞ்சாத நாய்

நம் மாலை நடைக் குழுவில் சென்ற வாரம் ஒருவர் ஒரு கேள்வியைப் போட்டார். அவர் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. கூண்டில் குருவிகள் இருக்கின்றன. காப்பகத்திலிருந்து ஒரு நாயை எடுத்து வளர்க்க வேண்டும் என்று பேத்தி இப்போது பிடிவாதம் பிடிக்கிறாள். இருக்கிற உயிர்களுக்குத் தொல்லை தராத நாயை எப்படிப் பார்த்து எடுப்பது? ஆளுக்கொரு பதில் சொன்னீர்கள். குட்டியாக எடு என்றார் ஒருவர். பெட்டையாக எடு என்றார் இன்னொருவர். அமைதியானதாகப் பார்த்து எடு என்று மூன்றாமவர் முடித்துவைத்தார். நான் பேசவில்லை. பேசாமல் இருப்பவனுக்கு ஏதோ தெரிந்திருக்கும் என்று நீங்கள் எண்ணியது உங்கள் பெருந்தன்மை. எழுதித் தருகிறேன் என்று தப்பித்துக்கொண்டேன்.

எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: எங்கள் வீட்டுக்கு வந்த நாயைப் பற்றி எழுதினால் சித்தியைப் பற்றியும் எழுதியாக வேண்டும். சித்தி போய் இன்னும் ஆண்டு திரும்பவில்லை. அப்போது நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். கூடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தீர்கள். வந்ததற்கு நன்றி என்பதைத் தவிர நான் எதையும் சொல்லவில்லை. கல்லூரியில் கற்பித்துப் பழகியவனுக்கு, எதையும் பாடம்போல் வரிசைப்படுத்திக்கொண்டால்தான் வாய் திறக்கிறது.

ஆகவே முதலிலேயே இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் எடுத்துவந்த நாய்க்குக் காது கேட்காது. சித்திக்கும் கேட்காது. நாய் வந்த ஆண்டு ஆடி மாதம் வரை இந்த இரண்டும் எங்கள் வீட்டில் சித்தியைத் தவிர யாருக்கும் தெரியாது. நாய்க்குக் குறை இருப்பது தெரிந்தால் அதைத் திருப்பி விட்டுவிடலாம். குறையை மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லி ஒரு பெண்ணையும் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம். அதற்கு இரண்டு வருடம் முன்பு எங்கள் தெருவிலேயே அது நடந்திருந்தது. சித்தி அதை அறிந்தவராகவே எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளையும் கழித்தார். கடைசிவரை மறைத்துவைத்துத் திடுக்கிட வைக்கும் உத்தி நம் வயதுக்கு வேண்டியதில்லை.

எழுபதுகளின் பிற்பாதி. திருத்தணியில், மலையடிவாரத்திலிருந்து சற்றுத் தள்ளி, நெசவாளர் தெருவில் எங்கள் வீடு. முன்கட்டில் நாங்கள் இருந்தோம். பின்கட்டில் நைனாவின், அதாவது அப்பாவின், விசைத்தறிகள் இருந்தன. அந்தச் சத்தத்தை எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேருக்கு விவரிக்க முயன்று தோற்றிருக்கிறேன். வேறு விதமாகச் சொல்கிறேன். எங்கள் வீட்டுச் செம்பில் தண்ணீர் ஒருபோதும் அசையாமல் நின்றதில்லை. நடுவிலிருந்து விளிம்புக்கு வளையம் வளையமாக ஓடிக்கொண்டே இருக்கும். அலமாரியில் அடுக்கிய தட்டுகள் பகல் முழுவதும் மெல்ல நகர்ந்து மாலைக்குள் விளிம்புக்கு வந்துவிடும். அவற்றை உள்ளே தள்ளிவைப்பது அக்காவின் மாலை வேலை. எண்ணெய் வாடையும், இமைமயிரில் படியும் பஞ்சுத்தூசும் எங்களுக்கு வீட்டின் இயல்புகள்.

அப்படிப்பட்ட வீட்டில் யாரும் வாயால் மட்டும் பேசுவதில்லை. நூல் அறுந்தால் இரண்டு விரலைக் கத்தரிபோல் வெட்டிக் காட்டுவோம். யாராவது வந்திருந்தால் நெற்றியைத் தொடுவோம். சோற்றுக்கு ஐந்து விரலும் குவியும். மிச்சத்தை உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வோம். தறிவீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான். பள்ளியில் ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினால் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பாதிப் பாடம் போய்விடும்.

அம்மா இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, அந்த ஆண்டின் தை மாதம், நைனாவின் மனைவியாகச் சித்தி வந்தார். நகரிப் பக்கத்துப் பெண். நைனா நூல் விஷயமாக அங்கே போனபோது அவரைப் பார்த்தது ஓடிக்கொண்டிருந்த தறிகளுக்கு நடுவில். தனியாக இரண்டு தறிகளைக் கவனித்துக்கொண்டிருந்தாராம். நைனா கேட்டவற்றுக்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னாராம். பெண் பார்க்கும் படலம் அதோடு முடிந்துவிட்டது. சத்தம் நின்ற இடத்தில் அவரிடம் ஒரு வார்த்தை பேசிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தறிக்காரர் வீட்டுப் பெண்ணைத் தறிக்காரர் தறியோரமாகப் பார்த்தார். அதில் எங்கள் தெருவில் யாரும் பிழை காணவும் இல்லை.

எங்கள் வீட்டிலும் தறி ஓடுகிறவரை சித்திக்கு ஒரு குறையும் இல்லை. மின்சாரம் நின்றால்தான் அவருக்குச் சிக்கல். அந்நாட்களில் மின்வெட்டு நாள்தோறும் உண்டு. தறிகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து நிற்கும். திடீரென்று மலையில் மணி அடிப்பது கேட்கும். கோழிகள் கேறுவது கேட்கும். எல்லோரும் கையை மடக்கிக்கொண்டு தணிந்த குரலில், எங்கோ பார்த்துக்கொண்டு, பேசத் தொடங்குவோம். சித்தி அந்த நேரத்தில் அழுக்குத் துணியை அள்ளிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவார். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார்.

"கூப்பிட்டா திரும்பிப் பாக்கறாளா பாரு. ராணி!" என்பார் அத்தை. நைனாவின் மூத்த சகோதரியான அவர் அடுத்த தெருவில் இருந்தார். நாளுக்கு ஒருமுறையாவது எங்கள் வீட்டுக்கு வந்து தீர்ப்பு வழங்காமல் போகமாட்டார். "ஆந்திராக்காரி கர்வம்டா அது. நம்ம கிட்ட நடக்குமா?"

நகரிக்கும் எங்களுக்கும் இடையே பேருந்தில் அரைமணி நேரம்கூட ஆகாது. எங்கள் வீட்டிலும் பாதித் தெலுங்குதான். ஆனாலும் கர்வத்துக்கு ஒரு மாநிலம் தேவைப்பட்டது.

நாய் வேண்டியிருந்த காரணம் எளிமையானது. கொல்லை வேலியைப் பிரித்து யாரோ நூல் சுற்றிய கோன்களைத் தூக்கிப் போனார்கள். ஒருமுறை போனபோது நைனா வேலியைக் கட்டினார். மறுமுறை போனபோது அத்தை, "வேலியா குலைக்கும்? நாய் வாங்குடா," என்றார். ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருந்தது. சாம்பல் நிறப் பெட்டைப் பூனை. அம்மா பால்குடி வயதில் எடுத்து வளர்த்தது. அது செல்லம் மட்டுமன்று, வேலையாள். பூனை இல்லாத தறிவீட்டில் எலி ஒரே இரவில் தறியில் ஏற்றிய பாவு நூலைக் கடித்து வைத்துவிடும். கொல்லையில் கோழிகள் வேறு. பூனைக்கு ஒன்று ஆனால் நானும் சாப்பிடமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். அவள் அப்போது பதின்மூன்று வயதுக்காரி, சொன்னால் செய்வாள்.

கனகம்மாசத்திரம் போகும் சாலையோரம் ஒரு மாந்தோப்பு இருந்தது. கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அங்கே அடிபட்ட, ஆதரவற்ற நாய்களை வேலிக்குள் வைத்துப் பராமரித்தார். காப்பகம் என்ற சொல் எங்கள் ஊருக்கு அப்போது வந்துசேரவில்லை. நாய்த்தோப்பு என்றுதான் சொல்வோம். நைனா, சித்தி, அக்கா, நான் நால்வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் போனோம். நைனா ஒரு தகரத் தட்டையும் தறி ஸ்பேனரையும் துணியில் சுற்றி எடுத்துவந்திருந்தார்.

டாக்டர் சென்னைக்காரர். அரைக்கால் சட்டையும் மூக்குக்கண்ணாடியுமாக மாமரத்தடியில் நின்றுகொண்டு எங்களைத்தான் முதலில் பரிசோதித்தார்.

"வீட்டுல வேற என்னென்ன இருக்கு?"

"பூனை ஒண்ணு. கோழிங்க கீது. அப்பறம் இதுங்க ரெண்டு," என்று நைனா எங்களைக் காட்டினார்.

"பூனைக்கு வயசு?"

"எங்க அம்மா வளத்தது," என்றாள் அக்கா. வயதுக்கு அது விடையில்லை என்று டாக்டர் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அவர் முறை இது. தம்முடைய பூனை ஒன்றைக் கூடையில் எடுத்துவந்து வேலிக்கு வெளியே வைத்தார். கண்ணை எடுக்காமல் உடம்பை விறைத்துப் பார்த்த நாய்களை முதலில் கழித்தார். வேலியில் பாய்ந்தவற்றைக் கழித்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவற்றைத் தனியே நிறுத்தினார். "பாக்கணும், அப்புறம் வேற பக்கம் பாக்கத் தெரியணும். அதான் குணம்," என்றார். நாய் படுத்த சாக்கை முதலில் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூனை மோந்துபார்க்கும்படி போடவேண்டும். சில நாள் கயிற்றோடு வைத்திருக்க வேண்டும். பூனை ஏறி உட்கார உயரமாக ஓர் இடம் விட்டுவைக்க வேண்டும். இரண்டுக்கும் சோறு ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. இன்று நம் நண்பரின் பேத்தி செல்பேசியில் படித்துச் சொல்வதெல்லாம் அன்று ஒரு மாமரத்தடியில் எங்களுக்குச் சொல்லப்பட்டது.

"எல்லாம் சரிங்க சார். எங்க வூட்டுக்குன்னு ஒரு பரீட்ச கீது," என்றார் நைனா. துணியைப் பிரித்து, தட்டைத் தூக்கி, ஸ்பேனரால் ஓங்கி ஓங்கி அடித்தார்.

தோப்பே கலைந்தது. கிளிகள் மரத்தைவிட்டுப் பறந்தன. நாய்கள் மூலைக்கு மூலை ஓடின. ஒரு கறுப்புப் பெட்டை நாய் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டு, வேலிக்கு அடியில் மண்ணைப் பறித்து வெளியேறப் பார்த்தது. ஒன்று மட்டும் படுத்த இடத்தில் படுத்திருந்தது. வெள்ளையில் செம்மண் திட்டுகள். ஒரு காது மடிந்தது. நைனாவின் கை மேலும் கீழும் போவதை அது நிதானமாகப் பார்த்துவிட்டு, கொட்டாவி விட்டது.

"இதான்! தறி வூட்டுக்குன்னே பொறந்து வந்துகீது!"

"வந்து கொஞ்ச நாள்தான் ஆவுது. ஸ்டேஷன்கிட்ட கிடைச்சுது. தன் போக்குல இருக்கும். குலைச்சே நான் பாக்கல," என்று டாக்டர் சற்றுத் தயங்கினார்.

"குலைக்கிற நாய்தானே சார் கடிக்காது?"

டாக்டர் சிரித்துவிட்டார். நாய்களை நன்கு அறிந்தவர்தான், ஆனால் அந்தச் சிரிப்பில் அவருடைய தயக்கம் போய்விட்டது. சித்தி குனிந்து நாயின் முன்னால் உட்கார்ந்தார். நாய் அவர் கையைப் பார்த்தது, பிறகு முகத்தைப் பார்த்தது. நாயையும் அவரையும் ஒப்பிடுவது அழகன்று என்று எனக்குத் தெரியும். ஒப்பிட்டவர் சித்திதான், பிற்காலத்தில், சிரித்துக்கொண்டே. "உங்க நைனா தட்ட அடிச்சுப் பாத்து எடுத்தது ஒண்ணு, தறிய ஓட்டிப் பாத்து எடுத்தது ஒண்ணு," என்பார்.

டாக்டர் சொன்னபடியே செய்தோம். சாக்கை முதலில் போட்டோம். பூனை அதை மோந்து, அருவருத்து, இரண்டு நாள் கழித்து அதன்மேலேயே படுத்துத் தூங்கியது. பிறகு நாயைக் கயிற்றோடு கொண்டுவந்தோம். பூனை முதுகை வளைத்துச் சீறியது. நாய் வாலாட்டியபடி நெருங்கிக்கொண்டே போனது. பூனை இன்னும் உரக்கச் சீறியது. நாய் நிற்கவில்லை. மூக்கில் ஓர் அறை விழுந்தபிறகே பின்வாங்கி, வியப்போடு உட்கார்ந்தது. "பயமே இல்லடா இதுக்கு," என்றார் நைனா.

முதலில் உண்மையைக் கண்டுபிடித்தது பூனைதான் என்று நினைக்கிறேன். சில நாட்களில் அது சீறுவதை விட்டுவிட்டது. நாயைக் கடந்துபோக வேண்டுமென்றால் சுற்றி வந்து, அதன் கண்ணுக்கு முன்னால் ஒரு கணம் நின்று, பிறகு போகும். நாய் தூங்கினால் தூரத்தில் உட்கார்ந்து விழிக்கும்வரை காத்திருக்கும். அடுத்தபடியாகச் சித்தி கண்டுபிடித்தார். பூனையைப் பார்த்துக் கண்டுபிடித்தார். அவர் நாயை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காலைத் தரையில் ஓங்கி மிதிப்பார். அதிர்வு போய்ச் சேர்ந்ததும் நாய் தலையைத் தூக்கும். சோற்றுக்கு விரலைக் குவிப்பார். நாங்களும் அப்படியே செய்தோம். அந்த வீட்டில் எல்லோரும் எல்லோரிடமும் கையால் பேசினோம், நாயிடமும் பேசினோம். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

ஒரு மின்வெட்டு நேரத்தில் அத்தை வந்தார். முன்வாசலில் நாய் எதிர்த்திசையைப் பார்த்துப் படுத்திருந்தது. உள்ளே சித்தி முதுகைக் காட்டியபடி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"டேய்... ச்சூ, ச்சூ," என்று நாயைக் கூப்பிட்டார். அசைவில்லை. "யம்மா, நான் வந்துகிறேன்," என்று சித்தியைக் கூப்பிட்டார். அசைவில்லை. அத்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "வூட்டுக்காரிக்கும் நாய்க்கும் ஒரே திமிரு. ஒரே எடத்துல வாங்கினீங்களா இன்னா?"

நான் சிரித்தேன். அக்கா என்னைவிட உரக்கச் சிரித்தாள். சித்தி எங்கள் நிழலைக் கண்டு திரும்பி, எங்கள் சிரித்த முகங்களைப் பார்த்து, என்னவென்று தெரியாமலே தாமும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பல ஆண்டுகள் வெகுளித்தனம் என்று நினைத்திருந்தேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. அந்த நாட்களில் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூக்காவடிகளும் பம்பையும் அரோகராவும் தெருவை நிறைத்தன. யாரோ வெடிக்கட்டைக் கொளுத்தித் தெருமுனையில் போட்டார்கள். தெருநாய்கள் எல்லாம் எங்கெங்கோ போய் ஒளிந்துகொண்டன. எங்களுடையது வாசலோரம் நான்கு காலையும் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. காவடி எடுத்துப் போனவர்களில் சிலர் நின்று பார்த்தார்கள். "நாயாங்க இது? வீரபத்திரன்!" என்றார் ஒருவர். அன்று முதல் அதற்கு வீரா என்று பெயர். நைனா அந்த ஒரு வாரம் தலையை நிமிர்த்தி நடந்தார்.

கூட்டம் வடிந்த மறுவாரம் நூல் வண்டி வந்தது. மூட்டைகளை இறக்கிவிட்டு, எங்கள் சந்தில் பின்பக்கமாகவே வெளியேறிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் விடாமல் ஹாரன் அடித்தார். சந்தின் நடுவே வீரா படுத்திருந்தது. வாசலில் நின்ற சித்தி அதைப் பார்த்துவிட்டு, வண்டியின் பின்பக்கத்துக்கு ஓடினார்.

"யம்மா, போவாத! போவாத!" என்று மூட்டை இறக்கியவர் கத்தினார். நைனா கத்தினார். தெருவே கத்தியது. சித்தி திரும்பவில்லை. குனிந்து நாயின் முன்னங்கால்களைப் பிடித்துச் சுவரோரம் இழுத்தார். நைனா ஓடிப்போய் வண்டியின் பக்கத் தகட்டை இரண்டு கையாலும் அறைந்தார். வண்டி நின்றபோது அதன் சக்கரத்துக்கும் சித்தியின் சேலைக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

ஓட்டுநர் இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது, அதை மறைக்கக் கோபப்பட்டார். "நாயா அது, கல்லா? அப்போலேர்ந்து ஹாரன் அடிச்சிகினே கீறேன். அந்தம்மா வேற, இத்தினி பேரு கத்தறோம், காதுல வாங்குதா?"

நைனா உள்ளே போனார். அதே தகரத் தட்டோடு வந்து நாயின் தலைக்குப் பின்னால் அடித்தார். நாய் சித்தியின் கையை நக்கிக்கொண்டிருந்தது. இன்னொருமுறை அடித்தார். அத்தை அதற்குள் வந்து சேர்ந்திருந்தார்.

"செவிடுடா! செவிட்டு நாய வச்சிகினு இன்னா காவல்? தெரிஞ்சே உன் தலயில கட்டிட்டாண்டா அந்த டாக்டரு. கொறைய மறச்சிக் கட்டறவன திரும்பிக் கூடப் பாக்கக் கூடாது. கொண்டுபோய் மூஞ்சில எறிஞ்சிட்டு வா."

"காலைல கொண்டுபோய் வுட்டுடறேன்," என்றார் நைனா.

சித்தி இரண்டு பேர் உதட்டையும் பார்த்தபடி நின்றிருந்தார். அன்று மாலை தட்டுகளை உள்ளே தள்ளிவைக்க அக்கா மறந்தாள், அவர் தள்ளிவைத்தார்.

காலையில் தறி ஓட்டுவதற்கு முன்பே நைனா நாய்க்குக் கயிறு கட்டினார். அத்தை வழியனுப்ப வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பூனைக்காக மட்டும் பேசியவள் இப்போது நாய்க்காக அழுதாள். சித்தி உள்ளிருந்து வந்தார். தலைவாரிப் பூ வைத்து, வெளியூர் போகிறவர்போல் சேலை மாற்றியிருந்தார். கையில் துணிப்பை.

"இருங்க, நானும் வர்றேன்."

"நீ எதுக்கு?"

"நாய தோப்புல வுட்டுட்டு, திரும்பி வர்ற திருப்பதி பஸ்ஸுல ஏறிக்கலாம். என்ன நகரில எறக்கி வுட்டுடுங்க."

"இன்னா பேசற நீ?"

"எனக்கும் கேக்காதுங்க."

தெருவில் யாருடைய தறியும் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. அவ்வளவு அமைதியில் அவர் குரல் இயல்புக்கு மேல் உரத்து, எதிர்வீடு வரை போனது. அதை அவர் அறிந்திருக்க வழியில்லை.

"கிட்ட வந்து கத்தினா ஏதோ கொஞ்சம். அவ்ளோதான். எங்க வூட்ல சொல்லக் கூடாதுன்னாங்க. நீங்க கேக்கவும் இல்ல." பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "இத அனுப்பினா என்னையும் அனுப்பணும். அதான் நாயம். ஒரே செலவா போயிடும்."

அத்தை எழுந்துவிட்டார். "தம்பி, கேட்டியாடா? நான் அப்பவே சொன்னேன்..."

நைனா அத்தையைப் பார்க்கவில்லை. சித்திக்கு நேராக வந்து நின்றார். பிறகு குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார். நாங்களும் தறிவீட்டுப் பிள்ளைகள்தானே, படித்துவிட்டோம். எப்போதிலிருந்து என்று கேட்டார்.

"ஏழாவது படிக்கறப்ப ஒரு ஜுரம் வந்துச்சி. அப்போலேர்ந்து," என்றார் சித்தி உடனே.

நைனா மறுபடி உதட்டை அசைத்தார். நேத்து நாங்க கத்தினது?

"கேக்கல."

வண்டி உம்மேல ஏறியிருந்தா?

"அதுக்கு ஹாரன் கேக்காதில்ல, அதுக்குத்தானே போனேன்."

நைனா குனிந்து நாயின் கயிற்று முடிச்சை அவிழ்த்தார். பிறகு அத்தையிடம் திரும்பினார். "டாக்டர் இன்னா பண்ணுவாரு யக்கா. சத்தத்துல வச்சிப் பாத்தவன் நானு. கொற என் பார்வையில. இனிமே இந்த வாசல்ல அந்த வார்த்தைய யாரும் பேசக் கூடாது." பையைச் சித்தியின் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தவர் அவர்தான்.

தோப்புக்கு அன்று நாங்கள் போகத்தான் செய்தோம். நாயை விட்டுவிட அல்ல. டாக்டர் தம்மையே நொந்து தலையில் அடித்துக்கொண்டார். "கேக்காத நாய்க்குக் கேக்கிற நாய் ஒண்ணு துணை இருந்தா போதும்," என்றார். தட்டுச் சத்தத்துக்கு நின்ற இடத்தை நனைத்த அந்தக் கறுப்புப் பெட்டையைக் கூட்டிவந்தோம். தறிக்கூடத்தில் அது கால் வைக்கவே இல்லை. கொல்லை மூலையில் கோழிகளோடு குடியிருந்தது. வேலியில் ஓணான் ஏறினாலும் குரைத்தது. அது பதறி எழுவதைக் கண்டு வீரா எழும். எழுந்து, எதற்கென்று தெரியாமலே வேலியை நோக்கி வீரமாக நடக்கும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு கோன்கூடத் திருட்டுப் போகவில்லை.

வீடும் இடம் மாறி உட்கார்ந்தது. நைனா சாப்பிடும்போது சித்திக்குப் பக்கத்தில் உட்காருவதை விட்டு எதிரே உட்கார்ந்தார். அக்கா பின்னாலிருந்து கூப்பிடுவதை நிறுத்தினாள். சுற்றி வந்து முன்னால் நின்று பேசுவாள். பூனையைப் பார்த்துக் கற்றேன் என்று அவளே சொன்னாள். அவள் முதன்முதலில் சித்தியை அம்மா என்று கூப்பிட்டதும் அப்படி முன்னால் வந்து நின்றுதான். அத்தை மட்டும், தாம் சாகும்வரை, சித்தியின் காதோரம் போய் ஊருக்கே கேட்கும்படி கத்தினார். "வேணாங்க அண்ணி, மூஞ்சியக் காட்டுங்க போதும்," என்று சித்தி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். அது அத்தையின் பாணிப் பிராயச்சித்தம் என்று இப்போது தோன்றுகிறது. என்னைப் பள்ளிக்கூடத்தில் முதல் வரிசையில் உட்காரவைக்கச் சொல்லி, தலைமை ஆசிரியரின் முகத்தை நேராகப் பார்த்து வாதாடியவர் சித்தி. நான் பெற்ற படிப்பில் எந்தப் பகுதி அங்கிருந்து தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. முழுவதும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நண்பரே, உங்கள் கேள்விக்கு என் விடை இது. பூனையைக் காட்டிப் பாருங்கள். பார்த்துவிட்டு முகம் திருப்பத் தெரிந்ததை எடுங்கள். சத்தத்திலும் பாருங்கள், அமைதியிலும் பாருங்கள். முன்னாலிருந்தும் பாருங்கள், பின்னாலிருந்தும் பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் நீங்கள் எதையோ பார்க்காமல் விட்டிருப்பீர்கள். அதற்காகத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள்.

சித்தியின் கடைசி நாட்களில் மருத்துவமனையில் நான்தான் உடனிருந்தேன். கண் திறப்பது குறைந்துவிட்டது. நல்ல மனமுள்ள ஒரு செவிலி என் தோளைத் தொட்டுச் சொன்னாள்: "காதுதான் சார் கடைசி வரைக்கும் வேலை செய்யும். கிட்டப் போய் ஏதாவது பேசுங்க. அவங்களுக்குக் கேக்கும்." நன்றி சொன்னேன். விளக்கம் சொல்லவில்லை. அவள் போனபிறகு நாற்காலியைத் தலைமாட்டிலிருந்து எடுத்து, கட்டிலின் கால்மாட்டில், சன்னலோரம் போட்டு உட்கார்ந்தேன். கண் திறந்தால் முதலில் நான் தெரிய வேண்டும்.

பிற்பகலில் திறந்தார். என்னைச் சற்றுநேரம் உற்றுப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"தள்ளி உக்காரு. வெளிச்சத்துக்கு முதுகக் காட்டிகினு கீற. நீ இன்னா சொல்றன்னே தெரியல."

அதுவரை நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. எழுந்து நாற்காலியை எதிர்ப்பக்கம் போட்டுக்கொண்டேன். வெயில் என் முகத்தில் நேராக விழுந்தது. பிறகு, சொல்ல வேண்டியதை, அவசரமில்லாமல், உதடு தெரியும்படி சொன்னேன். அவர் கடைசிச் சொல்வரை பார்த்துவிட்டு, "ஆங்," என்றார்.